உவர் நிலத்தில் வேர் நீர் பருகும் விதம்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரத் தாலுகாக்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்கள் சென்றபின், ஒரே வயலில் இருவகைப் பயிரைக் காணலாம். வயலின் ஒரு பாகத்தில் நெல் பசுமையாக நிற்கும். மற்றொரு மூலையிலோ, காலில் சேறு ஒட்டும் அளவுக்கு ஈரம் இருந்தும், இலைநுனி கருகி, தாள் சுருண்டு, தண்ணீரே காணாத பயிர்போல் வாடி நிற்கும். இதைக் காணும் குடியானவர்களில் சிலர் நோயென்று எண்ணி மருந்து தெளிக்கின்றனர். சிலர் உரம் போதவில்லையென்று யூரியாவை மேலும் இடுகின்றனர். சிலர் உப்புக் கரிக்கும் கிணற்று நீரையே இறைத்துப் பாய்ச்சுகின்றனர். மூன்றும் பணச்செலவு, பின்னிரண்டும் பயிரின் அழிவை விரைவுபடுத்துவன. இவ்வாடலின் காரணம் வேரின் உயிரணுக்களைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் இருக்கிறது. அச்சவ்வின் வழியே நீரும் உப்பும் செல்லும் முறை இன்னதென்று தெரிந்துகொண்டால், உவர் நிலத்தில் எச்செலவு பயன் தரும், எது வீண் என்பதைக் குடியானவர் தாமே தீர்மானிக்கலாம்.

உயிரணுவும் அதன் சவ்வும்

பயிரின் வேர், தண்டு, இலை யாவும் கண்ணுக்குப் புலப்படாத சிறு உயிரணுக்களால் ஆனவை. ஒவ்வோர் உயிரணுவுக்கும் வெளியே ஒரு சுவரும், அதற்கு உள்ளே ஒரு சவ்வும் உண்டு. சுவர் என்பது தோட்டத்தின் முள்வேலி போன்றது. உருவத்தைக் காக்கும், ஆனால் நீரையும் அதில் கரைந்த உப்பையும் தடுக்காது. சவ்வு என்பது வேலிக்குள் இருக்கும் வீட்டின் கதவு போன்றது. எது உள்ளே வரலாம், எது வரலாகாது என்பதை நிர்ணயிப்பது அதுவே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றில் ஏழெட்டுப் பங்கே அதன் கனம். கொழுப்புப் பொருளால் ஆன இரண்டு அடுக்குகளும், அவற்றினூடே பதிந்த பலவகைப் புரதங்களும் சேர்ந்து இச்சவ்வு அமைந்திருக்கிறது.

இச்சவ்வின் வழியாகப் பொருள்கள் செல்வது முக்கியமாக மூன்று வகையில் நடைபெறுகிறது.

முதலாவது, பரவல். ஒரு செம்புத் தண்ணீரில் கருப்பட்டித் துண்டு ஒன்றைப் போட்டு அசைக்காமல் வைத்தாலும், நாளடைவில் இனிப்பு எங்கும் பரவிவிடுகிறது. பொருள் மிகுதியாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு அது தானே செல்லும். வேர் சுவாசிக்கும் பிராணவாயு இவ்வாறே சவ்வைக் கடந்து உட்புகுகிறது.

இரண்டாவது, சவ்வூடு பரவல். சவ்வு நீரை எளிதில் விடும். உப்பையும் சர்க்கரையையும் எளிதில் விடாது. ஆகையால் சவ்வின் இருபுறமும் கரைசலின் அடர்த்தி வேறுபட்டால், கரைபொருள் நகருவதற்குப் பதிலாக நீரே நகருகிறது. நீர்த்த கரைசலிலிருந்து அடர்ந்த கரைசலை நோக்கிச் செல்கிறது. மாங்காயில் உப்பிட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் நீர் விட்டுக்கொண்டு காய் சுருங்குவதும், மண்டபம், பாம்பன் கரைகளில் மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு போடும்பொழுது மீனிலிருந்து நீர் வடிவதும் இதனாலேயே.

மூன்றாவது, இறைப்பு. வாய்க்காலில் நீர் தானே ஓடும். கிணற்றிலிருந்து மேலே வருவதற்கு ஏற்றமோ கமலையோ வேண்டும், அதற்கு ஆளும் மாடும் உழைக்க வேண்டும். அவ்வாறே, மண்ணில் சொற்பமாக உள்ள நைட்ரேட்டு, பொட்டாசியம் போன்ற சத்துக்களை மிகுதியாக உள்ள உயிரணுவுக்குள் சேர்ப்பதற்குப் பயிர் சக்தி செலவிட வேண்டும். சவ்விலுள்ள சில புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கின்றன. அவை மீண்டும் உள்ளே திரும்பும் வேகத்தைக் கொண்டு வேறு புரதங்கள் சத்துக்களை உள்ளே இழுக்கின்றன. வேண்டாத சோடியத்தை வெளியே தள்ளுவதும் இம்முறையிலேயே. இதற்கு வேண்டிய சக்தி வேரின் சுவாசத்திலிருந்து கிடைக்கிறது.

இவ்வுண்மைகள் வெளிப்பட்ட வரலாறு

பிரான்ஸ் தேசத்துப் பாதிரியாரான நோலே என்பவர், சாராயம் நிரப்பிப் பன்றியின் நீர்ப்பை கொண்டு வாய்கட்டிய பாத்திரத்தைத் தண்ணீரில் அமிழ்த்தியபொழுது, தண்ணீர் உட்புகுந்து அத்தோல் உப்பியதை 1748-ல் வெளியிட்டார். ஜெர்மனியின் தாவர நூல் அறிஞர் பெஃபர், நீரை இழுக்கும் இச்சக்தியை 1877-ல் அளந்து காட்டினார். அதன் கணக்கை வகுத்த வான்ட் ஹாஃப் என்னும் டச்சு அறிஞர் 1901-ல் இரசாயனத்துக்கான முதல் நோபெல் பரிசு பெற்றார். சவ்வில் நீர் மட்டும் செல்வதற்கென்றே தனி வழியமைந்த புரதங்கள் இருப்பதைக் கண்ட அமெரிக்கரான பீட்டர் அக்ரேக்கு 2003-ல் அப்பரிசு வழங்கப்பட்டது. பயிர்களின் வேரிலும் இந்நீர்வழிப் புரதங்கள் ஏராளமாக உண்டு.

உப்பு நீரை எவ்வாறு பூட்டி வைக்கிறது

வேர் நீரை விழுங்குவதில்லை. வேரின் உள்ளிருக்கும் சாறு மண்ணிலுள்ள நீரைவிட அடர்ந்திருப்பதாலும், இலைகள் ஆவியாக நீரை விடும்பொழுது மேலிருந்து இழுப்பதாலும் நீர் உள்ளே வருகிறது. மண்ணீரில் உப்பு ஏறினால் இவ்வித்தியாசம் குறைகிறது. இன்னும் ஏறினால் நின்றுவிடுகிறது. அதற்கும் மேற்பட்டால் வேரிலுள்ள நீர் மண்ணுக்குத் திரும்புகிறது. வயலில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவதன் இரகசியம் இதுவே.

சாதாரணக் கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. தூய நீரிலிருந்து அதைச் சவ்வினால் பிரித்தால், அது நீரை இழுக்கும் சக்தி ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அதாவது எண்ணூறு அடிக்கு மேற்பட்ட உயரமுள்ள நீர்த்தம்பத்தின் பாரம். இச்சக்தியை மீறிய அழுத்தத்தைக் கொடுத்தால் நீரை எதிர்த்திசையிலும் செலுத்தலாம். கடலாடித் தாலுகா நரிப்பையூரில் 1990-களின் பிற்பகுதியில் நிறுவப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இத்தத்துவத்தின்படி அமைந்ததே. இயந்திரமும் மின்சாரமும் கொண்டு செய்யும் அவ்வேலையை நெற்பயிரின் வேரால் செய்ய இயலாது.

மண்ணின் உப்பை அளப்பதற்கு அதன் மின்கடத்தும் திறனைப் பார்க்கிறார்கள். நீரால் நிறைந்த மண்ணிலிருந்து எடுத்த சாற்றில் இத்திறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உவர் நிலம் எனப்படும். இவ்வளவை 10 ஆக வைத்துக்கொண்டால், அச்சாறு நீரைப் பிடித்துக்கொள்ளும் சக்தி சுமார் மூன்றரை வளிமண்டல அழுத்தம். வெயிலில் மண்ணின் ஈரம் பாதியாகும்பொழுது உப்பு அங்கேயே தங்குவதால் அது ஏழாகிறது. மீண்டும் பாதியானால் பதினான்காகிறது. உப்பில்லாத மண்ணில் பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடும் நிலையைச் சுமார் 15 என்று கணக்கிடுவர். ஆகவே நல்ல நிலத்தில் இன்னும் இரண்டு வாரம் தாங்கக்கூடிய ஈரம், உவர் நிலத்தில் இன்றே தீர்ந்ததற்குச் சமமாகிவிடுகிறது. மழை இடைவெளி விட்டால் கடலோர வயல் முதலில் வாடுவது இதனால்தான்.

பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு வேறுபடும். உலகின் பல பாகங்களில் நடந்த சோதனைகளைத் தொகுத்து 1977-ல் வெளியான அளவுகளின்படி, நெல் 3 டெசிசைமன்ஸ் வரை மகசூல் குறையாமல் நிற்கும். ஏழைத் தாண்டும்பொழுது பாதி மகசூல் போய்விடும். மிளகாய் வகைகள் ஒன்றரைக்கு மேலேயே குறையத் தொடங்கி, ஐந்தில் பாதியை இழக்கும். பருத்தியோ ஏழரை வரை தாங்கும். நாட்டு வகைகளும் மண்ணும் மாறுவதற்கேற்ப இவ்வளவுகளும் சிறிது மாறும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பயிரிடுவோர், அதை ஊரின் உவர் குறைந்த மண்ணுக்கும், பருத்தியை அதைவிட உவரேறிய மண்ணுக்கும் ஒதுக்குதல் நலம்.

உட்புகுந்த சோடியம்

நீர் கிடைக்காமை உப்பினால் வரும் முதற் கேடு. இரண்டாவது கேடு சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து வருகிறது. சோடியமும் பொட்டாசியமும் தன்மையில் நெருங்கியவை. மண்ணில் சோடியம் பெருகும்பொழுது, பொட்டாசியத்துக்கென அமைந்த சில வாயில்கள் வழியே அதுவும் உள்ளே நுழைந்து, நீரோடு இலைக்கு ஏறி, அங்கே தங்கிவிடுகிறது. நீர் ஆவியாகும், சோடியம் ஆவியாகாது. எனவே முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் கருகுகின்றன. மண்ணில் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் போதிய அளவு இருந்தால் சவ்வு உறுதியாக நின்று, பொட்டாசியத்தைத் தேர்ந்து எடுக்கும் திறனை இழப்பதில்லை.

இயற்கை இதற்குப் பல பரிகாரங்களைச் செய்திருக்கிறது. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டுக் கழிமுகத்தில் வளரும் அலையாத்தி மரம், தன் வேர்ச்சவ்விலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. தப்பி ஏறியதை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே கக்குகின்றன. உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரிப் பூண்டு வேறு வழியைக் கைக்கொள்கிறது. உப்பை உள்ளே அனுமதித்து, உயிரணுவின் நடுவிலுள்ள பையில் இறைத்துப் பூட்டி வைத்து, அதைக் கொண்டே நீரை இழுக்கிறது. கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல் உப்பைத் தாங்குவதில் பேர்பெற்றது. சில நெல் வகைகளின் வேரில், மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருப்பது 2005-ல் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டு வெளியீடுகளுள் கோ 43, களர் நிலத்துக்கான திருச்சி 1 ஆகிய இரகங்கள் இவ்வகை மண்ணில் மற்றவற்றைவிட நிலைத்து நிற்பவை. ஆயினும் தாங்கும் இரகம் என்பது உப்பை விரும்பும் இரகம் அன்று. நிலத்தைத் திருத்தாமல் விதையை மட்டும் நம்புதல் தகாது.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் சாரம், வேருக்கு வெளியே உள்ள கரைசலை எப்பொழுதும் உள்ளிருப்பதைவிட நீர்த்ததாக வைத்திருக்க வேண்டும் என்பதே. கீழ்வரும் முறைகள் யாவும் அதற்கே.

1. மழைநீரைக் கொண்டு கழுவுதல். உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்ல உப்பில்லாத நீர் வேண்டும். அது இந்த ஜில்லாவில் மழையாலும் கண்மாயாலும் மட்டுமே கிடைப்பது. மழைக்குமுன் வரப்பை உயர்த்தி, வயலைச் சமன் செய்து, பெய்த நீரை வயலிலேயே நிறுத்த வேண்டும். ஓர் அடி ஆழ மண்ணின் ஊடாக ஏறத்தாழ ஓர் அடி நீர் இறங்கினால் அதிலுள்ள உப்பின் பெரும்பகுதி போய்விடும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமியால் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் ஜில்லா நிலங்கள் பல, 2005-ன் கனத்த வடகிழக்குப் பருவமழையால் கழுவப்பட்டு மீண்டும் சாகுபடிக்கு வந்தமை இதற்குச் சான்று.

2. வடிகால். கழுவிய உப்பு வெளியேற வழியில்லையேல் கோடையில் அது மீண்டும் மேலே ஏறி வெண்மையாகப் பூக்கும். அன்றியும், நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமையால் வேர் சுவாசிக்க இயலாது. சுவாசம் குறைந்தால் சோடியத்தை வெளியே தள்ளும் இறைப்பும் தளரும். பல பயிர்களில் நீர்வழிப் புரதங்களும் அடைபடும். மிளகாய்க்கும் பருத்திக்கும் இது மிகவும் முக்கியம்.

3. உவரையும் களரையும் வேறுபடுத்தல். உவர் மண்ணுக்கு நீரும் வடிகாலும் போதும். மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு, காரத்தன்மை எட்டரைக்கு மேற்பட்டு, நீர் இறங்காமல் கட்டியாக நிற்கும் களர் நிலத்துக்கே ஜிப்சம் அவசியம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்கும். பின் அதையும் நீரால் கழுவியாக வேண்டும். சோதனை செய்யாமல் ஜிப்சம் இடுவது வீண் செலவாக முடியலாம். தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுதல் இருவகை நிலத்துக்கும் நன்மை தரும்.

4. நாற்றும் நடவும். நெல் முளைக்கும்பொழுது உப்பை ஓரளவு தாங்கும். இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தாங்காது. ஆகவே நடவு செய்வோர் நல்ல மண்ணில் நாற்றங்கால் அமைத்து, சற்று முதிர்ந்த நாற்றைக் குத்துக்கு இரண்டு மூன்றாக நெருக்கி நடலாம். புழுதி விதைப்புச் செய்வோர், முதல் நல்ல மழை மேலுப்பைக் கீழே இறக்கும்படி நிலத்தை ஆழ உழுது வைத்தல் வேண்டும். பார் பிடித்து நடும் பயிர்களில் உப்பு பாரின் உச்சியில் சேருமாதலால், செடியைப் பாரின் பக்கச் சரிவில் நடுக.

5. உரம். உரமும் ஓர் உப்பே. ஒரே தடவையில் வேரருகே மிகுதியாக இட்டால் அது மண்ணீரை அடர்த்தியாக்கிப் பயிரைக் கருகச் செய்யும். ஈரம் உள்ளபொழுது, சிறு பங்குகளாகப் பிரித்து இடுக. வாடி நிற்கும் பயிருக்கு யூரியா இடுவது தாகத்தால் தவிப்பவனுக்கு உப்புக் கொடுப்பதை ஒக்கும்.

6. கிணறு. இராமேஸ்வரம் தீவிலும் கடலோர மணற்பாங்கான இடங்களிலும், மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஊற்றிலும் நல்ல நீர் கிடைப்பது இதனாலேயே. இப்படலம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கீழே சுமார் நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. ஆகவே இறைப்பினால் மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீர் காலக்கிரமத்தில் அத்தனை பங்கு மேலேறக்கூடும். தென்னந்தோப்புக்காரர்கள் ஆழ்துளைக் கிணற்றில் நெடுநேரம் இறைப்பதை விட்டு, ஆழமற்ற கிணறுகளில் சிறுகச் சிறுக இறைத்துக்கொள்வது உத்தமம்.

சிறு சோதனை

சவ்வின் செயலைக் கிராமப் பாடசாலையிலும் காட்டலாம். ஒரே அளவான வெள்ளரிக்காய்த் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றை மழைநீரிலும் மற்றொன்றைக் கைப்பிடி உப்புக் கரைத்த நீரிலும் இட்டு இரண்டு மணி நேரம் வைக்கவும். முதல் துண்டு விறைத்து ஒடியும். இரண்டாவது துவண்டு வளையும். இரு பாத்திரத்திலும் நீர் நிறைய இருந்தது என்பதை மாணாக்கர் கவனிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

பயிர்ச் சேதத்தைப் பார்வையிடும் கிராம நிர்வாக அலுவலர்களும் வேளாண்மை உதவியாளர்களும் உவர்ச் சேதத்தை நோயோடு மயக்காதிருக்க வேண்டும். நோய் பெரும்பாலும் புள்ளியாகவோ கோடாகவோ தோன்றி இலைக்கு இலை பரவும். உவர்ச் சேதமோ வயலின் குறித்த பாகத்தில் திட்டாக நிற்கும். முதிர்ந்த இலையின் நுனியில் தொடங்கும். அருகில் மண் வெண்மையாகப் பூத்திருக்கும். அத்தகைய இடத்தில் மேற்பூச்சை மட்டும் சுரண்டாமல், அரை அடி ஆழம் வரை ஐந்தாறு இடங்களில் மண் எடுத்துக் கலந்து ஒரு மாதிரியும், நன்றாக நிற்கும் பாகத்திலிருந்து தனியே ஒரு மாதிரியும் அனுப்புக. கிணற்று நீரைக் கால் மணி நேரம் இறைத்தபின் மாதிரி எடுக்க வேண்டும். சோதனைச் சாலைகள் சில, மண்ணோடு அதிக நீர் கலந்து அளப்பதுண்டு. அவ்வளவு மேலே கூறியதைவிடக் குறைவாக இருக்குமாதலால், எம்முறையில் அளந்தது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்க. இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் உள்ளது. ஆலோசனைக்கு அதை நாடலாம்.

வயலருகே கடல்நீரை நிறுத்தும் இறால் குட்டைகளும் ஆராயத்தக்கவை. குட்டையிலிருந்து கசியும் உப்புநீர் அடுத்தவர் நிலத்து வேரைத் தாக்குமாகையால், விளைநிலங்களை இறால் குட்டைகளாக மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் கட்டளையிட்டது. 2005-ல் கடலோர நீருயிரி வளர்ப்புக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. கசிவு பற்றிய புகார் வந்தால், குட்டைக்கு அருகிலும் தொலைவிலும் எடுத்த மண் மாதிரிகளின் அளவே தக்க அத்தாட்சியாகும்.

புரட்டாசி முடிவதற்குள் வரப்பையும் வடிகாலையும் சீர்செய்து, மண்ணையும் கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்து வைத்துக்கொள்வது அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சமன் செய்த வயலில் நிறுத்திக் கழுவத் தவறினால், அந்த வாய்ப்புக்கு மறுவருஷம் வரை காத்திருக்க நேரும்.